இறங்கிடுச்சு, ஸ்தோத்திரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேற்கையின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு வட்டம் ஒட்டியிருக்கும் பெண் யாராவது பேருந்தில் உங்களிடம் இனிப்புக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அறிவுரையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நான் காட்டாங்குளத்தூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் அணி மின்சாரப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. சட்டகம் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் ஆகிக்கொண்டிருக்க, அதன் ஒயரிங் முழுக்க என் பொறுப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாட்களில் என் தலைக்குள் கார் மட்டும்தான் இருந்தது. உடம்பு என்று ஒன்று இருந்ததே நினைவில்லை. தாகம் எடுத்தது, வெயில் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போனேன். தண்ணீர் குடிக்கிறோமே என்று நினைத்தேன். ஒன்பது கிலோ குறைந்தேன். வகுப்பில் நாலு பேர் வந்து என்ன டயட் என்று கேட்டார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு புதன்கிழமை பட்டறையில் வாந்தி எடுத்தேன். மூச்சு நாய்க்கு இரைப்பது போல இரைத்தது. அணித் தலைவி தீபிகா, "மச்சி, உன் வாயில நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வருதுடி," என்றாள். ஆட்டோவில் தூக்கிப்போட்டு தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாள். சர்க்கரை நானூற்று எண்பத்தாறு.

டாக்டர் விளக்கியது இவ்வளவுதான். இன்சுலின் என்பது சர்க்கரையைச் செல்லுக்குள் விடுகிற சாவி. என் உடம்பு அதைச் செய்யும் இடத்தைத் தானே அழித்துவிட்டது. சாப்பாடு உள்ளே போகிறது, ரத்தத்தில் சர்க்கரை நிற்கிறது, செல்களோ பட்டினி. வேறு வழியில்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அந்தப் புகைதான் ரத்தத்தைப் புளிக்கவைத்து, வாயில் அந்த வாசனையாக வருகிறது. டைப் ஒன். இனிப்புத் தின்றதால் வந்ததில்லை. மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க ஊசி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள். மணிக்கு ஒருமுறை விரல் நுனியில் குத்தினார்கள். எட்டு விரலும் சல்லடை. மூன்றாம் நாள் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள்.

என் அம்மா நான் ஆறாவது படிக்கும்போதே தவறிவிட்டார். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண்கள் வார்டில் பார்வை நேரம் தவிர ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அப்பா நாலு நாளும் வெளியே காத்திருப்பு நாற்காலியிலேயே இருந்தார். வெள்ளரிக்காயைச் சீவி டப்பாவில் போட்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புவார். மூடியில் சிறு தாள் ஒட்டியிருக்கும்: 'உப்பு போடவில்லை. அப்பா.'

அப்பாவுக்கும் பத்து வருடமாகச் சர்க்கரை. ஆனால் அது வேறு வகை. ஒரு மாத்திரை, ஒரு நடை. மூன்று மாதத்துக்கொரு முறை ரிசல்ட் வரும். குறைந்திருந்தால் வாசலிலேயே, "இறங்கிடுச்சு, ஸ்தோத்திரம்!" என்று கர்த்தருக்கு நன்றி சொல்வார். அன்று எங்களுக்குப் பரோட்டா. எங்கள் வீட்டில் சர்க்கரை 'இறங்குவது' என்றால் நல்ல செய்தி. எங்கள் வீட்டில் என்ன, ஊரிலேயே அப்படித்தான். பக்கத்துப் படுக்கையில் செல்வி அக்கா, கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவர், காலில் ஆறாத புண். நர்ஸ் அவருக்கு நூற்றுத் தொண்ணூறு என்று சொன்னதும் வார்டே கேட்க, "எறங்கிச்சு பா! காலு தப்பிச்சிது!" என்று கை தட்டினார்.

அன்றுதான் டாக்டர் சென்சர் போடலாம் என்றார். அதன் விலையைக் கேட்டு அப்பா பர்ஸை எடுத்து இரண்டு முறை எண்ணினாராம். பிறகு மருந்துக் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தார்.

பயப்பட ஒன்றுமில்லை. மேற்கையின் பின்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கப் மாதிரி இருக்கும் கருவியை வைத்து ஓர் அழுத்து. டப் என்று ஒரு சத்தம். ஊசி உள்ளே தங்காது. வழிகாட்டிவிட்டு வெளியே வந்துவிடும். தங்குவது தலைமுடி போன்ற ஓர் இழை. ஒரு மணி நேரம் கழித்துப் போனில் எண் வரத் தொடங்கும். பக்கத்தில் ஒரு அம்புக்குறி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று. ஒரு சென்சர் பதினாலு நாள்.

"இன்னா பாப்பா, கையில பொத்தான் தெச்சிக்கினு கீற?" என்றார் செல்வி அக்கா.

"ரத்தம் எடுக்காமலே சுகர் பார்க்கும்கா."

"அப்ப எனுக்கும் ஒண்ணு தெச்சி வுடு. என் வெரலு கருவாடாயிடிச்சி."

நர்ஸ் சிரிக்கவில்லை. என் படுக்கையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இங்க பாரு ஷைனி. இது ரத்தத்த அளக்கல. தோலுக்கு அடியில இருக்கிற தண்ணியில உள்ள சர்க்கரைய அளக்குது. ரத்தத்துல நடக்கிறது அங்க வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். உடம்பு ஒண்ணு சொல்லி எண் வேற சொன்னா, விரல்ல குத்திப் பாரு." எனக்கு உடனே பிடிபட்டது. நாங்கள் போனில் கிரிக்கெட் பார்க்கும்போது, பந்து போடும் முன்பே பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் என்று கத்துவார்களே, அதே தாமதம்.

"இன்னொண்ணு. இந்த வார்டுல எல்லாரும் இறங்கிச்சு இறங்கிச்சுன்னு குதிக்கிறாங்க. உனக்கு அது ஆகாது. நீ ஊசி போடுற பொண்ணு. எழுபதுக்குக் கீழ போனா மூளைக்குச் சாப்பாடு இல்ல. கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், விட்டா வலிப்பு. உடனே குளுக்கோஸ், பதினஞ்சு நிமிஷம் பொறு, மறுபடி பாரு. இத வெளியில உங்கப்பாகிட்ட அப்படியே சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்றேன் சிஸ்டர்."

சொல்லவில்லை.

பார்வை நேரத்தில் அப்பாவின் போனிலும் என் எண்கள் தெரியும்படி செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் வகுப்பில் கத்தக்கூடாது என்று அதன் அலாரத்தை நானே அணைத்தேன். அப்போதுதான் அப்பா ஆரம்பித்தார். "ஷைனி, இந்த செமஸ்டர் போகட்டும்மா. வீட்ல இரு. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

செமஸ்டர் போனால் அணி போச்சு, கார் போச்சு. டெஸ்ட் ரன்னுக்குத் தேதி குறித்திருந்தார்கள். சரியாக சென்சர் முடிந்த மறுநாள், சனிக்கிழமை. என் ஒயரிங்கில் முதல்முறை மின்சாரம் ஓடப்போகிற நாள். கெஞ்சினேன்.

அப்பா யோசித்து, கணக்கு வாத்தியாராக ஒரு நிபந்தனை வைத்தார். "இந்த பதினாலு நாள் பார்ப்போம். சுகர் நல்லா இறங்கி நின்னா, சனிக்கிழமை போ. செமஸ்டரும் தொடரு."

இறங்கி நின்றால்! அந்த நொடியில் திருத்தியிருக்கலாம். 'இறங்கினாலும் ஆபத்துப்பா' என்று ஆரம்பித்திருந்தால், அவர் என்னை வீட்டு வாசலைக்கூடத் தாண்ட விட்டிருக்க மாட்டார். "சரிப்பா," என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வட்டத்தைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டேன். பாதியில் பிய்ந்தால் எண் நின்றுவிடும், நிபந்தனையும் நின்றுவிடும். குளித்தால் அந்தக் கையில் சோப்பும் எண்ணெயும் படவிடமாட்டேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். இடது பக்கம் புரண்டு படுத்தால் அழுத்தத்தில் எண் பொய்யாகக் கீழே போகும் என்று கண்டுபிடித்து, தலையணையை அண்டைகொடுத்து வலப்பக்கமே படுத்தேன். ஆறாம் நாள் சமையலறைக் கதவு நிலையில் கை இடித்து ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. உயிரே போய்விட்டது. மேலே ஒட்டும் வட்டத் துணிப் பட்டை இரண்டுதான் இருந்தது; ஒன்றைப் போட்டு ஒருவழியாகக் காப்பாற்றினேன்.

அப்பா காலையும் மாலையும் போனைப் பார்ப்பார். எண்பத்தைந்து என்றால் முகம் மலரும். ஒருநாள் அறுபத்தொன்பது சிவப்பாகத் தெரிந்தது.

"ஏன் பாப்பா சிவப்பா காட்டுது?"

"கவனிக்கச் சொல்லுதுப்பா."

பொய்யில்லை, பாருங்கள். அரை உண்மை. அரை உண்மை சொல்வதில் அந்த நாட்களில் நான் தேர்ந்துவிட்டிருந்தேன். அப்பா உடனே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டார்: 'ஷைனிக்கு சுகர் 69. இறங்கிடுச்சு. ஸ்தோத்திரம்.' ஊரெல்லாம் இருந்து ஆமென் வந்தது. நான் சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தேன்.

பதினோராம் நாள். மதியம் சோறு, அளவாக ஊசி. ஒன்றே முக்காலுக்கு இருநூற்று முப்பத்திரண்டு, அம்பு மேலே. அப்பா பார்த்தால்? மறுபடி ஊசி, நாலு யூனிட். அரை மணி நேரம் கழித்தும் இருநூற்று நாற்பது. எனக்குப் பொறுக்குமா? மூன்று யூனிட். நிமிடத்துக்கு நிமிடம் எண் தெரிவதில் உள்ள தீமை இதுதான். பார்த்தால் கை சும்மா இருக்காது. போட்ட இன்சுலின் வேலையை முடிக்க நாலு மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

மிச்சமிருந்த ஒரே ஒரு பட்டையும் வியர்வையில் நழுவ, வாங்கிவரத் தாம்பரம் போனேன். வெயிலில் மூன்று கடை ஏறி இறங்கினேன். திரும்ப வேளச்சேரி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போனைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. அம்பு நேர்க் கீழே. கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. எழுபத்தெட்டு. கைப்பையைத் துழாவினேன். குளுக்கோஸ் காலேஜ் பையில் இருந்தது. காலேஜ் பை வீட்டில்.

அறுபத்தாறு. போன் அலறியது. கழுத்துக்குப் பின்னால் ஒரு வேர்வை, குளிர்ந்த வேர்வை. ஜன்னல் கம்பி இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு அம்மா. வளைகாப்புக்குப் போய்வந்திருக்க வேண்டும், கை நிறைய வளையல், மடியில் திறந்த டப்பா. லட்டு.

"அக்கா... எனக்கு சுகர். அந்த லட்டு ஒண்ணு..."

"சுகரா? இந்த வயசுலயா?" டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "சுகர வச்சிக்கினு லட்டு கேக்கலாமா கண்ணு? எங்க வூட்டுக்காரரும் இப்டிதான், கண்ணுல காட்டுனா வுடமாட்டாரு. இந்தா, தண்ணி குடி."

பாட்டிலை என் கையில் திணித்தார். அவ்வளவு அன்பாக. எனக்கு விளக்கத் தெரியவில்லை. சொற்கள் எல்லாம் எங்கோ போயிருந்தன. 'சுகர் வேணும்' என்பதற்கும் 'சுகர் இருக்கு' என்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு சொல் உண்டு, அது நாக்கில் வரவில்லை. போன் மறுபடி அதிர்ந்தது. அப்பாதான், ஜெபக் குழுவில்: 'ஷைனிக்கு சுகர் 61. நல்லா இறங்கிடுச்சு. ஸ்தோத்திரம்.' கீழே வரிசையாக, ஆமென். ஆமென். ஆமென்.

முன்னால் கண்டக்டர் கத்தினார். "ராஜகீழ்ப்பாக்கம் எறங்கு! எறங்கறவங்க எறங்கு, எறங்கு!"

என் நிறுத்தம் அது. எழுந்திருக்கக் கால் வரவில்லை. நான் அந்த அம்மாவின் டப்பா மூடியைப் பிடுங்கித் திறந்து ஒரு லட்டை வாயில் அடைத்தேன்.

"அய்யய்யோ! இன்னா பொண்ணுமா நீ! கண்டக்டரே, இங்க வந்து பாருய்யா, சுகர்காரப் பொண்ணு லட்ட புடுங்கித் துன்னுது!"

கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா கலாட்டா? டிக்கெட் எட்த்தியா?"

வாய் நிறைய லட்டோடு போனை நீட்டினேன். "அம்பத்தஞ்சு... ஊசி ஜாஸ்தி ஆயிடுச்சு... சுகரே இல்ல... மயங்கிடுவேன்."

அந்த அம்மா என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ சுகர் இல்லாததுதான் உனுக்கு சுகரா?"

இதைவிடச் சரியாக எந்த டாக்டரும் சொன்னதில்லை. தலையாட்டினேன். அடுத்த நொடி டப்பாவே என் மடிக்கு வந்தது. "துன்னு, துன்னு. வாயத் தொற."

ஐம்பத்துமூன்று.

"லட்டு துன்னும் எறங்குதேய்யா!" என்று அவர் அலறினார். சென்சர் பின்னால்தான் வரும் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது லட்டு. வண்டி செம்பாக்கத்தை நெருங்கியது. ஐம்பத்துநாலு. அம்பு படுத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அங்கிருந்து, "எவ்ளோ?" என்று கேட்டார். "அம்பத்தெட்டு!" அந்த அம்மாதான் பதில் சொன்னார், தன் போன் போலப் பிடித்துக்கொண்டு. "அறுவத்தஞ்சு... எழுவத்திரெண்டு! ஏறிச்சு! ஏறிச்சுய்யா!"

"ஏறிச்சா? போலாம் ரைட்!" விசில் அடித்தார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மேடவாக்கத்தில் என்னை இறக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு வண்டி போனது. அப்பாவுக்குப் போன் செய்து, வந்து கூட்டிப்போகச் சொன்னேன். ஸ்கூட்டரில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்பத்திமூணு வரைக்கும் இறங்கிச்சு பார்த்தியா! பெரியம்மா சந்தோஷத்துல போன்ல அழுதுட்டாங்க. சொன்ன சொல் சொன்னதுதான் பாப்பா. சனிக்கிழமை நீ போ."

கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தால் போதும். கார், செமஸ்டர், எல்லாம் என்னுடையது. உட்கார்ந்தேன். செம்பாக்கம் வரை வந்தோம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூள் அவர் சட்டைத் தோளில் இருந்தது. இன்னொரு முறை பேருந்தில் எனக்கு ஐம்பத்துமூன்று வரும்; அன்றைக்கும் இவர் எங்கோ கரும்பலகை முன்னால் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

"அப்பா, வண்டிய நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சொன்னது, சொல்லச் சொன்னது, சிவப்பு, லட்டு.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோஷப்பட்டீங்க. எனக்கு சனிக்கிழமை வேணும்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து, தான் போட்ட செய்தியைத் தேடிப் பார்த்தார். கீழே பதினேழு ஆமென். விரலால் எண்ணினார்.

"நீ மயங்கப் போற நேரத்துல நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தேனா?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "சனிக்கிழமை வேண்டாம்," என்றார். "சரிப்பா," என்றேன். இந்த முறை முழுதாக.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அப்பா நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து முதல் பெஞ்ச் மாணவன் மாதிரி எழுதிக்கொண்டார். எனக்கு நல்ல திட்டு. "இன்சுலினுக்கு நாலு மணி நேரம் வேணும், நீ நாப்பது நிமிஷம்கூடக் கொடுக்கல." லட்டுக்கும் திட்டு: நெய் சர்க்கரையைத் தாமதமாக்கும், குளுக்கோஸ்தான் சரி, அது பையில் இல்லாமல் வாசல் தாண்டாதே. அப்பா வீட்டில் எல்லாப் பைகளிலும், ஸ்கூட்டர் பெட்டியிலும், தன் சட்டைப் பையிலும் குளுக்கோஸ் வைத்தார். அலாரத்தைத் தானே போட்டுக்கொண்டார். அன்று மாலை அறுபத்தெட்டிலிருந்து நூற்றுப் பத்துக்கு வந்தபோது குழுவில் போட்டார்: 'சுகர் ஏறிடுச்சு. ஸ்தோத்திரம்.' இரண்டே நிமிடத்தில் பெரியம்மா போன். "ஏறிடுச்சா? ஐயோ, உபவாச ஜெபம் வைக்கட்டுமா?" அவருக்கு விளக்க அப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

பதினாலாம் நாள் சென்சர் முடிந்தது. ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, மெல்ல உரித்தேன். புதியதை வலது கையில் அப்பாதான் போட்டார். மூன்று முறை ஸ்பிரிட் துடைத்தார். அழுத்தும்போது அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் தீபிகா வீடியோ கால் செய்தாள். பட்டறைக்கு வெளியே சிமென்ட் ரோட்டில் எங்கள் கார், என் ஆரஞ்சு ஒயர்கள். "மச்சி, ஓடுதுடி! உன் ஒயரிங் ஒண்ணுகூட சொதப்பல!" எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். வைத்த பிறகு தரையில் உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம் இருக்கும். அப்பா கூப்பிட்டார். சிறப்பு வகுப்பில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"பாப்பா, நூத்தி அறுவது தாண்டுதே. என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலப்பா."

"சாப்பிடல, எனக்கும் தெரியுது. மதியத்து ஏத்தம் அப்பவே அடங்கிடுச்சு. இது வேற." மனசு கலங்கினாலும் ஏறும் என்று டாக்டர் சொன்னதையும் அவர் எழுதி வைத்திருந்தார். "அழுறியா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் போனை வைக்கவில்லை.

"அடுத்த ரன் எப்போன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு வை," என்றார். பிறகு, வகுப்புக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "அழாதம்மா. ஏறுது பாரு."